மலைநாட்டுச் சாடிச் செடிகளில் பூச்சி விழுந்தால்: புதிதாகச் சக்குலன்ட் வளர்ப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா போய்த் திரும்பும் வழியில், பாதையோரப் பூங்கன்றுக் கடையொன்றில் எச்சவேரியா என்ற சக்குலன்ட், அதாவது இலையில் தண்ணீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி ஒன்று வாங்கினேன். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். தாமரை மொட்டு பாதி விரிந்தது போல அடுக்கடுக்கான இலை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலடியில் இருந்த 13 சாடிகளுக்கு நடுவில் அதை வைத்தேன். மூன்றாவது வாரம் அதன் நடு அடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பனிக்குப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு தங்கச்சி, வெயில்ல வச்சா போயிரும்" என்றார். வெயிலில் வைத்தேன். போகவில்லை. இரண்டு மாதத்தில் ஜேட் செடி, ஹவோர்த்தியா, அம்மா ஆசையாய் வைத்திருந்த கற்றாழை என்று 5 செடிகள் போயின. அது பூஞ்சணம் இல்லை, மாவுப்பூச்சி என்று தெரிந்தபோது எச்சவேரியாவின் நடுக்குருத்தே அழுகியிருந்தது.

பிறகு காணொளிகளைப் பார்த்து மருந்து செய்தேன். பெரும்பாலும் சென்னையிலும் கொழும்பிலும் செடி வளர்ப்பவர்கள் போட்டவை. "தண்ணீர்க் குழாயை வைத்து நன்றாக அடித்துக் கழுவுங்கள்" என்பார்கள். அவர்கள் ஊரில் கழுவிய செடி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் இலையடுக்குக்குள் போன தண்ணீர் இரண்டு நாளானாலும் அப்படியே நிற்கும். பூச்சிக்குத் தப்பிய செடி அழுகலுக்குப் பலியாகும். அதனால் நம் ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒத்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். இதில் தண்ணீர் குறைவு, பஞ்சும் பொறுமையும் அதிகம்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். நான் ஞாயிறு காலையில் செய்கிறேன். சாடியை வெளிச்சத்துக்கு எடுத்துவந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: இலை தண்டோடு சேரும் இடுக்கு, நடுக்குருத்து, இலையின் அடிப்பக்கம், பூத்தண்டு. கைபேசிக் கெமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். பத்து ரூபாய்க் காசளவு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

எச்சவேரியா போன்ற செடிகளின் இலையில் இயல்பாகவே வெண்பூச்சு உண்டு. புதியவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். இலை முழுவதும் ஒரே சீராக, விரலால் தொட்டால் ரேகை பதியும்படி இருந்தால் அது செடியின் சொந்தப் பூச்சு. அதை அழிக்காதீர்கள், வெயிலிலிருந்து இலையைக் காப்பது அதுதான். இடுக்குகளில் மட்டும் பஞ்சைப் பிய்த்துச் செருகியது போல இருந்தால்தான் மாவுப்பூச்சி.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. காயம் துடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அந்த வெள்ளையைத் தொடுங்கள். மெழுகு கரைந்து, உள்ளே இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சுப் பழுப்பாகவோ நீள்வட்ட உடல் தெரியும். அரிசிக் குருணையில் பாதி இருக்கும். ஓரத்தைச் சுற்றி மயிர் போல வெள்ளை இழைகள். உற்றுப் பார்த்தால் மெல்ல நகரும். ஒரு தடவை இதைக் கண்ணால் கண்டவர் பிறகு பூஞ்சணத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

எறும்பையும் கவனியுங்கள். சாடியில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் அது மண்ணுக்காக வருவதில்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அழுக்கணவன் (அசுவினி) மூன்றும் செடியின் சாற்றைக் குடித்துவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்பு அதற்குத்தான் வருகிறது. வந்ததோடு நிற்காமல் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்யும். அதே இனிப்பில் கரும்பூஞ்சணம் வளர்ந்து, அடுப்புக்கரி படிந்தது போல இலையைக் கறுப்பாக்கும்.

மாவுப்பூச்சி: வாரம் ஒரு தடவை, விடாமல்

மலைநாட்டு வீடுகளில் சக்குலன்டுக்கு வரும் தொல்லைகளில் பெரியது இதுதான் என்பது என் அனுபவம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெண் பூச்சி பஞ்சுப்பை போன்ற கூட்டுக்குள் 300 முதல் 600 முட்டைகள் வரை இடும். நீங்கள் இன்று கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் துடைத்தாலும் எங்கோ ஓர் இடுக்கில் ஒரு முட்டைப்பை மிஞ்சும். அதிலிருந்து குஞ்சுகள் ஓரிரு வாரத்தில் வெளிவரும். அவை மெழுகுப் போர்வை இல்லாத, மிகச் சிறிய, சுறுசுறுப்பான குஞ்சுகள். காற்றிலும், உங்கள் கையிலும், ஒட்டி நிற்கும் இலைகள் வழியாகவும் அடுத்த சாடிக்குப் போகும். ஒரு தடவை மருந்தடித்துவிட்டு "போய்விட்டது" என்று நம்பினால் மூன்றாம் வாரம் திரும்ப வருவது இதனால்தான்.

குளிர் பூச்சியைக் கொல்லும் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் சராசரி 16 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் வீட்டுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி சாவதில்லை. அதன் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும் சுற்று, குளிரில் இரண்டு மாதம் வரை நீளும். ஆகவே கொழும்பில் இருப்பவர் 4 வாரம் செய்தால், நாம் 8 வாரம் செய்ய வேண்டும். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் செடிகள் பிழைக்கும்.

இனி செய்ய வேண்டியவை.

1. பூச்சி கண்ட சாடியை அந்தக் கணமே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். இஸ்தோப்பில் ஒரு மூலை, குளியலறை ஜன்னல், எங்கேயாவது. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த சாடியைத் தொடாதீர்கள். அதற்கு இடமும் வலமும் இருந்த சாடிகளில் பூச்சி தெரியாவிட்டாலும் அவற்றையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

2. பாமசியில் ஸ்பிரிட் வாங்குங்கள். போத்தலில் 70 வீதம் என்று இருந்தால் அப்படியே பாவிக்கலாம். 90 வீதத்துக்கு மேல் என்றால் மூன்று பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அடுப்பு எரியும்போது, சாமி விளக்குக்குப் பக்கத்தில், இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள்.

3. முதலில் கீழ் இலை ஒன்றில் மட்டும் தடவி, இரண்டு நாள் பாருங்கள். இலை கறுக்காவிட்டால் தொடருங்கள். வெண்பூச்சுள்ள செடியில் ஸ்பிரிட் பட்ட இடத்தில் பூச்சு போய்விடும், அந்த இலையில் அது திரும்ப வராது. அதனால் முழு இலையையும் துடைக்காமல் பூச்சி இருக்கும் புள்ளியை மட்டும் தொடுங்கள்.

4. காய்ந்த அடி இலைகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். அந்தச் சருகுக்குள்தான் முட்டைப்பை அதிகம் ஒளிந்திருக்கும். பிறகு பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு இடுக்காகத் தொட்டு எடுங்கள். குச்சியின் பஞ்சு கறையானதும் புதியதை எடுங்கள். குச்சி போகாத நெருக்கமான நடுக்குருத்துக்கு மெல்லிய சித்திரத் தூரிகை நல்லது. ஓர் எச்சவேரியாவுக்கு 20 நிமிடமாவது பிடிக்கும். அவசரப்பட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பு வேலை.

5. முடித்ததும் அன்றைக்கு நேர் வெயிலில் வைக்காதீர்கள். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் காயட்டும்.

6. ஏழு நாளுக்கு ஒரு தடவை, மேலே சொன்ன 8 வாரமும் திரும்பச் செய்யுங்கள். சாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் ஒரு பூச்சிகூடத் தெரியாமல் இருந்தால்தான் அந்தச் சாடி பழைய இடத்துக்குப் போகலாம்.

சவர்க்காரத் தண்ணீர் பற்றிக் கேட்பீர்கள். வாசனையும் நிறமும் குறைந்த திரவ சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லீட்டர். பூச்சியின் மேல் நேராகப் பட்டால் கொல்லும், காய்ந்த பிறகு பலன் இல்லை. துணி துவைக்கும் தூளைக் கரைத்து ஊற்ற வேண்டாம், இலை வெந்துவிடும். ஜேட் செடிக்கும் அதன் இனத்துக்கும் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளாது. அம்மாவின் கற்றாழை போன்ற வழுவழுப்பான, அகன்ற இலைகளுக்குச் சரி. அடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் நல்ல தண்ணீரால் அலசி, சாடியைச் சாய்த்து வைத்து, இடுக்கில் நிற்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். நாள் முழுவதும் மூடுபனி கட்டியிருக்கும் நாட்களில் இந்த வேலையைத் தள்ளிவையுங்கள்.

வேப்பெண்ணெய்க்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் குளிரில் வேப்ப மரம் செழிக்காது, எண்ணெய் யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கமிருந்து வரும். வந்த எண்ணெய் நம் வீட்டில் உறைந்து நிற்கும், தேங்காய் எண்ணெய் உறைவது போல. உறைந்ததைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் கட்டியாக மிதந்து, இலையில் எண்ணெய்த் திட்டாகப் படியும். போத்தலை இளஞ்சுடு தண்ணீரில் 10 நிமிடம் நிறுத்தி இளக்குங்கள். ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் அரைத் தேக்கரண்டி சவர்க்காரத்தைக் கரைத்து, பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பிற்பகலில், வெயில் தணிந்த பின் தெளியுங்கள். வெண்பூச்சுள்ள செடிகளுக்கும் ஜேட் செடிக்கும் இதை நான் தொடுவதே இல்லை.

மேலே சுத்தம், ஆனாலும் செடி வாடுகிறதா?

அப்படியென்றால் வேரைப் பாருங்கள். தண்ணீர் அளவாய் ஊற்றுகிறீர்கள், வெளிச்சம் இருக்கிறது, இலையில் ஒன்றும் இல்லை. ஆனால் செடி வளரவில்லை, இலை சுருங்குகிறது. சாடியிலிருந்து மண்ணோடு மெல்ல உருவி எடுத்தால், வேர்களுக்கு நடுவிலும் சாடியின் உட்சுவரிலும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு இருக்கும். அது வேர் மாவுப்பூச்சி. ஹவோர்த்தியாவிலும் கள்ளிகளிலும் அடிக்கடி காணலாம்.

(மண்ணில் கலக்கும் பேர்லைட் மணிகளும் வெள்ளைதான். நசுக்கிப் பாருங்கள். பேர்லைட் நறநறக்கும், பூச்சி பிசுபிசுக்கும்.)

பழைய மண் முழுவதையும் உதறி, வேரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அழுகிய, கறுத்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். மிச்ச வேரை ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் ஒரு தடவை நீவிவிட்டு, செய்தித்தாள் மேல் நிழலில் காயப் போடுங்கள். கீழ்நாட்டில் மூன்று நாள் போதும் என்பார்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு வாரம் விடுங்கள். சக்குலன்ட் தாங்கும், அதன் இலையே தண்ணீர்த் தொட்டி. வெட்டுக்காயம் ஆறாமல் ஈர மண்ணில் வைப்பதுதான் ஆபத்து.

சாடியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி (பிளாஸ்டிக் என்றால் சவர்க்காரமும் சூடான தண்ணீரும்), புது மண்ணில் நடுங்கள். கழுவிய கரடு மணலும் பொடித்த செங்கல் துண்டும் இரண்டு பங்கு, தும்புத்தூளும் உரமண்ணும் ஒரு பங்கு என்பது என் கலவை. நட்டு ஒரு வாரம் கழித்தே தண்ணீர். கீழே துளையில்லாத யோகட் கோப்பையில் நட்டிருந்தால் முதலில் துளை போடுங்கள்.

மற்றவை

செதில் பூச்சி தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு நிறப் பொட்டு ஒட்டியது போல இருக்கும். அசையாது. நகத்தால் நெம்பினால் கழன்று வரும். செடியின் சொந்த மச்சமானால் வராது. இந்த இனத்துக்கும் மலைநாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1869இல் தொடங்கிய இலைநோயால் நொந்துபோயிருந்த கோப்பித் தோட்டங்களை 1880களில் பச்சைச் செதில் பூச்சியும் பிடித்துக்கொண்டது. அதற்கு 1889இல் அறிவியல் பெயர் வைத்து விவரித்தவர் பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டம் பார்த்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன். பின்னாளில் இலங்கையின் செதில் பூச்சிகள் பற்றி உலகமே அவர் எழுதியதைத்தான் புரட்டியது. நம் ஜன்னலடிச் சாடிக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்து மெல்லத் தேய்த்து எடுங்கள், வாரந்தோறும் பாருங்கள்.

அழுக்கணவன் பெரும்பாலும் பூத்தண்டின் நுனியில்தான் மொய்க்கும். தண்டை வெட்டி, பொலித்தீன் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஒரு பூவுக்காகச் செடியைப் பணயம் வைக்க வேண்டாம்.

சிவப்புச் சிற்றுண்ணி பூச்சியல்ல, எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனம். தேயிலையில் வேலை செய்பவர்களுக்கு இந்த வகைத் தொல்லை தெரிந்ததே. வறட்சியில் பெருகும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை கவனம் வேண்டும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது கவனம். இளம் இலை துருப்பிடித்தது போலச் சொரசொரப்பாகும், நெருக்கமான இடத்தில் மெல்லிய வலை தெரியும். வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அது சிற்றுண்ணி. தண்ணீர் கொண்டு கழுவுவது இதற்குத்தான் மிகவும் பொருத்தம். வறண்ட காலம் என்பதால் செடியும் சீக்கிரம் காயும். காலையில் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்று வாரம்.

மழைக்காலத்தில் சாடியைச் சுற்றிக் கொசு போலக் கறுப்பாய்ப் பறக்கிறதே, அது ஈர மண்ணில் முட்டையிடும் சிறு ஈ. கடிக்காது. புழு மண்ணுக்குள் இருந்து பூஞ்சணத்தையும் இளவேரையும் தின்னும். வளர்ந்த செடிக்குப் பெரிய சேதமில்லை, நாற்றுகளுக்குத்தான் கெடுதி. இதற்கு மருந்து தண்ணீரை நிறுத்துவதுதான். மண் அடிவரை காயட்டும். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் துண்டில் வாசலின் தடவி மண்ணில் செருகினால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும்.

கடைசி மருந்தைத் தொடும் முன்

தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தை சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம் தோட்ட லயன் வீடுகளில் இன்னும் இருக்கிறது. செடிக்காகக்கூட வேண்டாம். பெயரில்லாத போத்தலில் இருந்ததைக் குழந்தை எடுத்துக் குடித்த வீடுகள் உண்டு. பராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியன் ஆகிய மூன்றையும் இலங்கை 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாகத் தடைசெய்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட நஞ்சுகளால் போன உயிர்கள்தான். படுக்கும் அறையின் ஜன்னலில் இருக்கும் ஒரு சாண் செடிக்கு விவசாய நஞ்சு தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நஞ்சு அடிக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. பொறிவண்டும் அதன் புழுவும் மாவுப்பூச்சியையும் அழுக்கணவனையும் தின்பவை. சில பொறிவண்டுப் புழுக்கள் தாமும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருக்கும். வேகமாக ஓடினால், மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக இருந்தால், விட்டுவிடுங்கள். 2008இல் இலங்கையில் பப்பாசி மாவுப்பூச்சி பரவியபோது அதைக் கட்டுப்படுத்தியது 2009இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிதான்.

இனி வராமல் இருக்க

புதிதாக வாங்கிய செடியோ, யாராவது அன்பாகக் கொடுத்ததோ, ஒரு மாதம் தனியாக இருக்கட்டும். அன்றே சாடியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். அந்த எச்சவேரியாவை நான் இப்படித் தனியே வைத்திருந்தால் அம்மாவின் கற்றாழை இன்றும் இருந்திருக்கும்.

எறும்புக்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று உண்டு, சீனிப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது. அதையே இங்கும் செய்யலாம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல்லை வைத்து, அதன் மேல் சாடி. சாடியின் அடி தண்ணீரில் படக்கூடாது.

சாடிகளை ஒன்றோடொன்று இலை உரசாமல் வையுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் உரம் போட்டு வளர்த்தால் இலை மென்மையாகி, பூச்சிக்கு வாய்ப்பாகும். மழையில் நிற்கும் சாடிகளுக்கு மேலே ஒரு பொலித்தீன் கூரை போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு செடி தேறாமல் போகும். அப்போது அதில் சுத்தமாக இருக்கும் இலை இரண்டைப் பக்கவாட்டில் அசைத்து, அடி முறியாமல் கழற்றுங்கள். ஸ்பிரிட்டால் அடிப்பக்கத்தை ஒற்றி, சில நாள் காயவிட்டு, உலர்ந்த மண்ணின் மேல் சும்மா கிடத்துங்கள். எச்சவேரியா என்றால் சில வாரத்தில் இளஞ்சிவப்பு நூல் போல வேர் விடும், அப்புறம் அதன் அடியில் கடுகளவு குருத்து. ஜேட் செடிக்குத் தண்டுத் துண்டே போதும். கற்றாழை இலையிலிருந்து வராது, பக்கக் கன்றைத்தான் எடுக்க வேண்டும்.

மிச்சச் செடியையும் மண்ணையும் தேயிலைக்கடியிலோ போஞ்சிப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். செடியைப் பையில் கட்டிக் குப்பையோடு அனுப்புங்கள். மண்ணைக் கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி, வெயில் படும் தகரக் கூரையோரம் சில வாரம் வையுங்கள். அதன் பிறகும் அந்த மண்ணைச் சக்குலன்டுக்கு எடுக்க வேண்டாம், செவ்வந்திக்குப் போடுங்கள்.